மூடிப்போன பட்டறை நிலத்தின் மாசு: அரசுச் செலவில் சோதித்துச் சுத்தம் செய்ய வைப்பது எப்படி? குமரி மாவட்டத்துக்கான முழுமையான வழிகாட்டி

எங்கள் பக்கத்தில் பூட்டிப்போன முலாம் பட்டறை ஒன்று உண்டு. அதற்குக் கீழ்ப்புறக் கிணற்றுத் தண்ணீரை வெள்ளை வாளியில் கோரி வெயிலில் வைத்துப் பார்த்தேன். எலுமிச்சைச் சாறு பிழிந்ததுபோல் லேசான மஞ்சள். வீட்டுக்காரப் பாட்டா சொன்னார்: "மக்ளே, எப்பவும் இந்த நெறம் இல்ல. மழ பெஞ்சு ரெண்டு நாளு கழிஞ்சாத்தான் வரும்." மாதிரி எடுக்கும் நாளை அந்த ஒரு பேச்சை வைத்துத்தான் முடிவு செய்தோம்.

அதன்பின் வேறு சில இடங்களுக்கும் மனு எழுத உதவியிருக்கிறேன். புதிதாக வருபவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "எந்த ஆபீஸில் விண்ணப்பம் கொடுத்தால் பணம் வரும்?" என்பதுதான். அப்படி ஒரு விண்ணப்பமே கிடையாது. நில உரிமையாளர் கையிலோ கிணற்றுக்காரர் கையிலோ பணம் வராது. நிலம் அரசின் பட்டியலில் ஏற வேண்டும், மாசு கட்டுப்பாட்டு வாரியம் சோதிக்க வேண்டும், மாசுக்கு யார் பொறுப்பு என்று தீர்மானமாக வேண்டும். பொறுப்பாளர் இருந்தால் செலவு அவருடையது. அவரைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால், அல்லது கட்ட வழியில்லாமல் போனால், மத்திய மாநில அரசுகள் செலவை ஏற்க ஏற்பாடு செய்யும். 2025 ஜூலை 24 அன்று அறிவிக்கப்பட்ட சுற்றுச்சூழல் பாதுகாப்பு (மாசுபட்ட இடங்கள் மேலாண்மை) விதிகள் வகுத்த வழி இது. வரிசை மாறினால் கோப்பு திரும்பி வரும். அதனால் கீழே உள்ள வரிசையிலேயே போங்கள்.

1. இது இந்த விதிகளுக்குள் வருமா என்று முதலில் பாருங்கள்

மாசு என்றால் எல்லாம் ஒன்றல்ல. கதிரியக்கக் கழிவு, சுரங்க வேலை, கடலில் எண்ணெய் கசிவு, குப்பைக் கிடங்கின் திடக்கழிவு ஆகிய நான்கும் தனித்தனிச் சட்டங்களின் கீழ் வருபவை.

நம் மாவட்டத்தில் இந்தப் பிரிப்பு ரொம்ப முக்கியம். மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கடற்கரை மணலில் மோனசைட் என்ற கனிமம் உண்டு, அதில் கதிரியக்கமுள்ள தோரியம் உண்டு. அது அணுசக்திச் சட்டத்தின் எல்லை. வலம்புரிவிளை போன்ற குப்பைக் கிடங்குக்குத் தூய்மை இந்தியா திட்டத்தில் பழைய குப்பையை அகற்றத் தனி நிதி இருக்கிறது. கைவிட்ட கல்குவாரி என்றால் மாவட்டக் கனிம அறக்கட்டளையைப் பாருங்கள். இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் ஆலை என்றால் வாரியத்தில் நேரடிப் புகார்தான் வழி.

ஆனால் ஒன்று. குப்பைக் கிடங்கில் ஆலைக் கழிவையும் கொட்டியிருந்து, அந்த ரசாயனம் வரம்பைத் தாண்டியிருந்தால், சீரமைப்பு இந்த விதிகளுக்குள் வர வழி உண்டு. அப்படிப்பட்ட இடமென்றால் மனுவின் முதல் பத்தியிலேயே "ஆலைக் கழிவு கலந்தது" என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் படிக்கும் அலுவலர் அதைக் குப்பைப் பிரச்சினையாக எடுத்துச் சுகாதாரப் பிரிவுக்கு அனுப்பிவிடுவார். எனக்கு அப்படி நான்கு மாதம் வீணானது.

2. இடத்தில் கை வைக்காதீர்கள்

ஆர்வத்தில் பலர் செய்யும் பெரிய தவறு, ஜேசிபி வைத்து மேல்மண்ணை வாரி ஓரத்தில் தள்ளுவது. ஒரு மூலையில் இருந்த மாசு அதனால் நிலம் முழுவதும் பரவும். பழைய தொட்டி எங்கே இருந்தது, கழிவுநீர்க் குழி எங்கே இருந்தது என்ற அடையாளமும் போய்விடும். இன்னொரு ஆபத்து, கடைசியாக மண்ணைப் புரட்டியவர் யார் என்ற கேள்வியில் உங்கள் பெயரே வந்து நிற்கும்.

பக்கத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டு நாள் முழுக்க மோட்டார் ஓடவிடுவதும் கூடாது. நிலத்தடியில் தேங்கியிருப்பதை அது தன் பக்கம் இழுக்கும். வேலி போடுங்கள், பிள்ளைகளையும் ஆடுமாட்டையும் விலக்குங்கள். அதோடு நிறுத்துங்கள். குழி, தொட்டி, நிறம் மாறிய சுவர், புல் முளைக்காத திட்டு எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.

3. நிலத்தின் ஜாதகத்தைச் சேகரியுங்கள்

கோப்பின் உயிர் இதில்தான் இருக்கிறது. மண் பரிசோதனைக்குப் பத்தாயிரம் செலவழிக்கும் ஆட்கள்கூட இதற்குப் பத்து ரூபாய் செலவழிப்பதில்லை. யார், எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை, என்ன தொழில் செய்தார் என்று காட்டினால்தான் பொறுப்பாளர் யார் என்ற கேள்விக்குப் பதில் வரும். பொறுப்பாளர் இல்லை என்று நிரூபிக்கவும் அதே காகிதம்தான் வேண்டும்.

சர்வே எண்ணிலிருந்து தொடங்குங்கள். பட்டா, அ-பதிவேடு, புலப்படம் (நில அளவை வரைபடம்) மூன்றும் இணையத்திலேயே கிடைக்கும். பழைய கதவு எண்ணை மட்டும் வைத்து மனு போட்டால் இடத்தையே கண்டுபிடிக்க முடியாது. புலப்படத்தில் பட்டறை, குழி, கிணறு, ஓடை நான்கையும் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் வில்லங்கச் சான்று. முடிந்தவரை பின்னோக்கி எடுங்கள். 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்ததால் பழைய பிரமாணங்கள் (பத்திரங்கள்) மலையாளத்தில் இருக்கும். ஐம்பது அறுபது வருடம் ஓடிய ஆலை என்றால் மலையாளம் படிக்கத் தெரிந்த ஆவண எழுத்தரைக் கூட வைத்துப் படியுங்கள். நிலம் இடையில் வங்கியிடம் அடமானம் போய் ஏலத்தில் கைமாறியிருந்தால் அந்தக் காகிதத்தைத் தவறவிடாதீர்கள்.

மூன்றாவது, மின் இணைப்பு. அநேகம் பேருக்கு இது தோன்றுவதே இல்லை. தொழில் இணைப்பு யார் பெயரில் இருந்தது, எந்த மாதம் துண்டிக்கப்பட்டது என்பது மின் வாரியப் பிரிவு அலுவலகப் பதிவில் இருக்கும். ஆலை என்று மூடியது என்பதற்கு ஊரார் சொல்லைவிட இது உறுதி.

நான்காவது, தகவல் உரிமைச் சட்டத்தில் மூன்று மனு. நாகர்கோவிலில் உள்ள மாசு கட்டுப்பாட்டு வாரிய மாவட்ட அலுவலகத்துக்கு ஒன்று: இயக்க இசைவாணை (ஆலை ஓட வாரியம் தரும் அனுமதி), ஆய்வறிக்கை, மூடல் உத்தரவு, அபாயகரக் கழிவுக்கான அங்கீகாரம், கழிவை எங்கே அனுப்பினார்கள் என்ற பதிவு ஆகியவற்றின் நகல். உள்ளாட்சி அலுவலகத்துக்கு ஒன்று: தொழில் உரிமமும் சொத்துவரிப் பதிவும். தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதாரத் துறைக்கு ஒன்று: தொழிற்சாலைப் பதிவு. ஒவ்வொன்றுக்கும் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை போதும், 30 நாளில் பதில் வர வேண்டும்.

"ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?" என்று கேட்காதீர்கள். அது தகவல் இல்லை என்று மூடிவிடுவார்கள். "இன்ன ஆவணத்தின் நகல் தருக" என்று மட்டும் கேளுங்கள். "ஆவணம் எதுவும் இல்லை" என்று பதில் வந்தாலும் பத்திரமாக வையுங்கள். இசைவாணையே இல்லாமல் ஓடிய பட்டறை என்பதற்கு அதுவே அத்தாட்சி.

4. எதைச் சோதிப்பது என்று தொழிலைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

கிணற்றுத் தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்து "ஃபுல் டெஸ்ட்" செய்யச் சொல்வார்கள். கடினத்தன்மை, உப்பு, இரும்பு, கிருமி எல்லாம் பார்த்து "குடிக்கலாம்" என்று அறிக்கை வரும். முலாம் பட்டறைத் தண்ணீரில் குரோமியத்தை யாரும் தேடியே இருக்க மாட்டார்கள். அந்த நல்ல அறிக்கையே பின்னால் உங்கள் மனுவுக்கு எதிராக நிற்கும்.

முலாம் பட்டறை என்றால் ஆறு இணைதிறன் குரோமியம் (குரோமியத்தின் நச்சு மிகுந்த வடிவம்), நிக்கல், துத்தநாகம், சயனைடு. பழைய பேட்டரி உடைத்த இடம் என்றால் ஈயமும் அமிலத்தன்மையும். ரப்பர் பால் கடைந்த ஆலை என்றால் அமோனியா, துத்தநாகம். அண்டி ஆபீஸ் (முந்திரி ஆலை) என்றால் முந்திரித் தோட்டு எண்ணெயிலிருந்து வரும் பீனால் வகைகள். மரம் பதப்படுத்திய இடம் என்றால் செம்பு, குரோமியம், ஆர்சனிக். பெட்ரோல் பங்க் இருந்த இடம் என்றால் பென்சீன், தொலுயீன், பழைய காலத்துப் பெட்ரோலின் ஈயம்.

ஒப்பிட இந்தியக் குடிநீர்த் தர அளவைக் கையில் வைத்திருங்கள். லிட்டருக்கு ஈயம் 0.01 மில்லிகிராம், மொத்தக் குரோமியம் 0.05, காட்மியம் 0.003, பாதரசம் 0.001. மண்ணுக்கு, நிலம் எதற்குப் பயன்படுகிறது என்பதைப் பொறுத்து அளவு மாறும். உதாரணத்துக்கு, கனடாவின் வழிகாட்டுதலில் ஒரு கிலோ மண்ணில் ஈயம் விவசாய நிலத்துக்கு 70 மில்லிகிராம், குடியிருப்புக்கு 140, தொழிற்சாலை நிலத்துக்கு 600. ஒரே மண், ஒரே ஈயம். பட்டியலில் "தொழிற்சாலை நிலம்" என்று எழுதினால் தப்பித்துவிடும், "குடியிருப்பு" என்று எழுதினால் மாட்டும். சுற்றிலும் வீடுகளும் வாழைத்தோட்டமும் இருந்தால் அதைப் படத்தோடு காட்டுங்கள்.

5. மாதிரி எடுத்தல்

வாரியம் சட்டப்படி எடுக்கும் மாதிரிதான் நடவடிக்கைக்கு அடிப்படை. நீங்கள் எடுப்பது சந்தேகத்துக்கு ஆதாரம் காட்ட மட்டுமே. ஆகவே கொஞ்சம் எடுத்தால் போதும், ஆனால் சுத்தமாக எடுங்கள். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் ஆளையே வந்து எடுக்கச் சொல்வது நல்லது. நீங்களே எடுத்துக் கொடுத்தால் "மனுதாரர் கொண்டுவந்த மாதிரி" என்று அறிக்கையில் எழுதிவிடுவார்கள்.

இடத்துக்குள் இரண்டு மூன்று புள்ளி, கழிவு வெளியேறிய பக்கம் ஒன்று, கீழ்ப்புறக் கிணறு ஒன்று. இவற்றோடு மேட்டுப் பக்கம், மாசு எட்டாத நிலத்திலிருந்து ஒரு ஒப்பீட்டு மாதிரி கட்டாயம் வேண்டும். நம் செம்மண்ணில் இரும்பு இயற்கையாகவே அதிகம், கடலோர மணலில் கன உலோகக் கனிமங்கள் இருக்கின்றன. ஒப்பீடு இல்லையென்றால் "இந்த ஊர் மண்ணே அப்படித்தான்" என்ற ஒரே வரியில் உங்கள் அறிக்கையைத் தள்ளிவிடலாம்.

எது கீழ்ப்புறம் என்பதை ரோட்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். விளவங்கோடு, கல்குளம் பக்கம் நிலம் மேடும் பள்ளமுமாக இருக்கும். மேட்டு விளையில் பட்டறை இருந்தால் தண்ணீர் கீழே ஏலாவுக்கு (வயலுக்கு)த்தான் போகும். மழையன்று குடையோடு நின்று தண்ணீர் ஓடும் பக்கத்தைப் பாருங்கள்.

நேரமும் முக்கியம். தமிழ்நாட்டில் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் நன்றாகக் கிடைக்கும் மாவட்டம் நம்முடையது. கோடை முடிவில் ஒன்றும், மழை கொட்டி ஓரிரு நாளில் ஒன்றும் எடுங்கள். கோடையில் எடுத்தது மட்டும் இருந்தால், மேல்மண்ணில் உட்கார்ந்திருப்பது கிணற்றுக்குள் இறங்குவது தெரியாமல் போகும். பாட்டாவின் கிணற்றில் மே மாதத் தண்ணீரில் குரோமியம் வரம்புக்குள் இருந்தது. ஜூன் மழைக்குப் பின் எடுத்ததில் வரம்பைத் தாண்டியது.

ஆறு இணைதிறன் குரோமியத்துக்கு எடுக்கும் தண்ணீரில் அமிலம் சேர்க்கக் கூடாது, ஐஸ் பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் சோதிக்க வேண்டும். மற்ற உலோகங்களுக்கு நேர்மாறாக நைட்ரிக் அமிலம் சேர்த்துத்தான் வைப்பார்கள். இரண்டுக்கும் ஒரே பாட்டில் போதாது. நம் ஊரிலிருந்து மதுரையைவிடத் திருவனந்தபுரம் மிகப் பக்கம். அங்கீகாரம் இருந்தால் கேரள ஆய்வகமானாலும் பரவாயில்லை.

6. மனு: யாருக்கு, எந்த வடிவில்

விதிப்படி, சந்தேகத்துக்குரிய இடத்தை அடையாளம் காண வேண்டியது உள்ளாட்சி அமைப்பும் மாவட்ட நிர்வாகமும். தாங்களாகவும் செய்யலாம், பொதுமக்கள் புகாரின் பேரிலும் செய்யலாம். அரையாண்டுக்கு ஒருமுறை அந்தப் பட்டியலை மத்திய இணையதளத்தில் ஏற்ற வேண்டும். முதல்வர் தனிப்பிரிவுக்கு மட்டும் மனு அனுப்பிவிட்டுக் காத்திருப்பவர்கள் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். அங்கிருந்தும் கடைசியில் அதே பேரூராட்சிக்குத்தான் காகிதம் வரும்.

குமரியில் 95 ஊராட்சிகள், அதுபோக ஏராளமான பேரூராட்சிகள். இடம் எதில் வருகிறது என்று உறுதி செய்யுங்கள். பேரூராட்சி என்றால் செயல் அலுவலருக்கு. ஊராட்சி என்றால் தலைவருக்கு, தலைவர் இல்லாத காலத்தில் தனி அலுவலருக்கு. ஊராட்சியில் கூடுதலாக ஒரு வசதி இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய கிராம சபை நாட்களில் தீர்மானம் போடலாம். தீர்மான நகலோடு போகும் மனுவைத் தனிநபர் தகராறு என்று ஒதுக்க முடியாது.

அதே மனுவைத் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் கொடுங்கள், எண் போட்ட ரசீதை வாங்குங்கள். மூன்றாவது பிரதி வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்குப் பதிவுத் தபாலில். மூவருக்கும் ஏன் என்றால், வாரியத்தின் நாள் கணக்கு தகவல் சேர்ந்த தேதியிலிருந்துதான் ஓடும். அந்தத் தேதி உங்கள் கையில் இருக்க வேண்டும்.

மனு இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். சர்வே எண், தொழில், ஓடிய காலம், என்ன ரசாயனம், யார் பாதிக்கப்படுகிறார்கள், என்ன ஆதாரம் இணைத்திருக்கிறேன். கடைசியில் கோரிக்கை ஒரே வரி: "இந்த இடத்தைச் சந்தேகத்துக்குரிய மாசுபட்ட இடமாகப் பட்டியலில் சேர்த்து, முதற்கட்ட மதிப்பீட்டுக்கு வாரியத்துக்கு அனுப்ப வேண்டுகிறேன்." நஷ்ட ஈடு, வேலை, குடிநீர் எல்லாவற்றையும் இதே மனுவில் எழுதினால் ஆளுக்கொரு துறையாகப் பிய்த்து அனுப்பிவிடுவார்கள். இன்னாரால் புற்றுநோய் வந்தது என்று மருத்துவச் சான்று இல்லாமல் எழுதாதீர்கள். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மொத்த மனுவையும் சந்தேகிப்பார்கள்.

குடிநீருக்குத் தனி மனு கொடுங்கள். கிணற்றை மூடிவைத்து மாற்றுக் குடிநீர் தரச் சொல்லி உள்ளாட்சிக்கு எழுதலாம். திறந்து கிடக்கும் அமிலத்தொட்டி போன்ற உடனடி ஆபத்து இருந்தால் நாகர்கோவில் அல்லது பத்மநாபபுரம் கோட்ட நிர்வாக நடுவரிடம், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 152-ஆம் பிரிவில் பொதுத்தொல்லையை அகற்ற உத்தரவு கேட்கலாம். ஆண்டுக்கணக்கில் நடக்கும் சீரமைப்புக்காக இது காத்திருக்கக் கூடாது.

7. வாரியத்தின் நாள் கணக்கு

தகவல் சேர்ந்து 90 நாளுக்குள் முதற்கட்ட மதிப்பீடு. அதில் சந்தேகம் உறுதியானால் விரிவான ஆய்வுக்கு மேலும் மூன்று மாதம். வாரியமோ அது நியமிக்கும் நிபுணர் அமைப்போ இதைச் செய்யும். அபாயகரக் கழிவு விதிகள் பட்டியலிட்ட 189 ரசாயனங்களில் ஏதாவது பாதுகாப்பான அளவைத் தாண்டினால் இடம் மாசுபட்டதாக அறிவிக்கப்படும், ஆட்கள் நுழையத் தடை வரும்.

இந்த ஆய்வுக்கு நீங்கள் செலவழிக்க வேண்டாம். ஆனால் ஆய்வு நாளன்று கட்டாயம் அங்கே இருங்கள். அலுவலர்கள் இடத்துக்குப் புதியவர்கள், குழி இருந்த மூலை அவர்களுக்குத் தெரியாது. உங்கள் புலப்பட நகலைக் கையில் கொடுங்கள். அங்கே வேலை பார்த்த ஓர் அண்ணனை அழைத்து வந்தால் இன்னும் நல்லது. எங்கள் இடத்தில் அவர் காலால் தட்டிக் காட்டிய சிமெண்ட் மூடியின் கீழேதான் பழைய கழிவுக் குழி இருந்தது. மேலே வாழை நட்டிருந்தார்கள்.

91-ஆம் நாள் நினைவூட்டுக் கடிதம் போடுங்கள். கோபம் வேண்டாம், தேதியும் மனு எண்ணும் போதும்.

8. பொறுப்பு யாருக்கு, பணம் யாரிடமிருந்து

மாசு உறுதியான பின் பொறுப்பாளரைக் கண்டறிய வாரியத்துக்கு 90 நாள். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் 1996-இல் வேலூர்த் தோல் ஆலை வழக்கில் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாகவே ஏற்றுக்கொண்டது. ஆக, அரசுப் பணம் கடைசியில்தான்.

இரண்டு உதாரணம் பாருங்கள். கொடைக்கானலில் தெர்மாமீட்டர் ஆலையின் நிலத்தில் பாதரசம் கலந்தது; ஆலை யாருடையது என்பதில் சந்தேகம் இல்லை, செலவு நிறுவனத்தின் மேல் விழுந்தது. ராணிப்பேட்டையில் குரோமேட் ஆலை மூடிப்போய், 2 லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவு பல வருடம் அப்படியே கிடந்தது. உங்கள் இடம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை மூன்றாம் படியில் சேர்த்த காகிதம் சொல்லும்.

பொறுப்பாளர் உயிரோடு, சொத்தோடு இருந்தால் அவர் பெயரை மறைக்காதீர்கள். "நம்ம ஆளு, விட்டுருங்க" என்று ஊரில் சொல்வார்கள். பெயர் இல்லாத கோப்பு விசாரணைக்கென்று ஓரிடத்திலேயே நின்றுவிடும். அவர் இறந்து, நிறுவனம் கலைந்து, வாரிசுக்கும் வழியில்லை என்றால் இறப்புச் சான்று, நிறுவனம் கலைந்த பதிவு, வங்கி ஏல ஆணை எல்லாவற்றையும் நீங்களே இணைத்துக் கொடுங்கள். பொறுப்பாளர் இல்லாத இடம் என்று தீர்மானமானால்தான் அரசு நிதிக்கான கதவு திறக்கும்.

நிலத்தை இடையில் வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. வாங்கிய தேதியில் ஆலை மூடியிருந்தது என்பதற்கு மின் துண்டிப்புப் பதிவும் வில்லங்கச் சான்றும் சேர்ந்து பேசும். வீட்டுமனையாகப் பிரித்து விற்கும் எண்ணம் இருந்தால், மதிப்பீடு முடியும்வரை நிறுத்தி வையுங்கள்.

9. சீரமைப்புத் திட்டம் வரும்போது மூன்று கேள்வி

நிபுணர் அமைப்பு திட்டம் தரும். மண்ணைத் தோண்டிக் கும்மிடிப்பூண்டி போன்ற அபாயகரக் கழிவு மையத்துக்குக் கொண்டுபோகலாம், அங்கேயே மூடி முத்திரை வைக்கலாம், அல்லது ரசாயனம் சேர்த்து வீரியத்தைக் குறைக்கலாம். ஆறு இணைதிறன் குரோமியத்தை இரும்பு சல்பேட்டால் மூன்று இணைதிறனாக மாற்றுவது மூன்றாவது வகை. நம் மாவட்டத்திலிருந்து கும்மிடிப்பூண்டி மாநிலத்தின் மறுகோடி. லாரிச் செலவு கூடுவதால் மூடி வைக்கும் யோசனை சீக்கிரம் வரும்.

அப்போது கேளுங்கள். சுத்தம் என்பதற்கு என்ன அளவு வைத்திருக்கிறீர்கள்? கொடைக்கானலில் ஒரு கிலோ மண்ணுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் என்ற அளவின் மேல்தான் பெரிய விவாதமே நடந்தது. இரண்டாவது, மண்ணோடு நிலத்தடி நீரும் சேர்த்தா? மண்ணை மட்டும் எடுத்துக் கிணற்றை விட்டால் வேலை பாதிதான். மூன்றாவது, முடிந்த பிறகு எத்தனை வருடம், இரண்டு மழைக்கும் பிறகு, கிணற்றைச் சோதிப்பீர்கள்? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

10. எல்லாம் நின்றுபோனால்

சென்னையில் உள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குப் போகலாம். சுற்றுச்சூழலை மீட்டுத்தரவும் இழப்பீடும் கேட்க, பிரச்சினைக்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து 5 வருடக் கெடு. மற்ற கோரிக்கைகளுக்கு 6 மாதம்தான். இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். இழப்பீடு கேட்டால் கேட்கும் தொகையில் 1 சதவீதம்.

முதல் ஆறு படியையும் தாண்டி நேரே இங்கே போனால் "வாரியத்திடம் மனு கொடுங்கள்" என்று திருப்பி அனுப்பப்படலாம். பதில் வராத மனுக்களின் ரசீதும், இரண்டு பருவத்து அறிக்கையும், புலப்படமும் சேர்ந்த கோப்போடு போங்கள். பாட்டாவின் கோப்பில் இப்போது நாற்பத்தொரு தாள் இருக்கிறது. ஈரம் படாமல் அரிசி வாளியில் போட்டு மூடி வைத்திருக்கிறார். ஒவ்வொரு மழைக்கும் மறுநாள் வாளியில் தண்ணீர் கோரி, நிறத்தையும் தேதியையும் ஒரு நோட்டில் எழுதி வருகிறார்.